பூவாத்தாளும் ஒரு கை ஆவாரையும்

ஏனுங்க சம்மந்தி, மொகத்தத் தூக்கி வச்சுக்காதீங்க. சித்தெ உக்காருங்க. பந்தி போட இன்னம் நேரமிருக்குது. எங்கூர்க்காரங்க பொண்ணு மாப்பிள்ளை மேல அரிசி தூவலீன்னு உங்க பக்கத்துல ஒரே பேச்சா இருக்குதாமா. "வெறுங்கையத் தொறந்து காட்டிப்போட்டுப் போறாங்களே, கஞ்சப் பசங்க"ன்னு உங்க பெரியம்மா சொன்னது என்ற காதுலயே உழுந்துருச்சுங்க. கோவமில்லீங்க. பொண்ணோட தாய்மாமன் நானு. நாஞ்சொல்லாட்டி வேற ஆரு சொல்லறது? கேளுங்க. கேட்டுப்போட்டு அப்பறம் கஞ்சப் பசங்கன்னு சொல்லுங்க, நா ஒத்துக்கறேன்.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, என்ற பாட்டனுக்குப் பாட்டன் பொறக்கறதுக்கும் முந்தி, நொய்யலாத்துக்குத் தெக்கால ஊதுலைப்பாளையம்னு ஒரு ஊரு இருந்துச்சாமாங்க. வேற எங்கயும் இல்லீங்க, நீங்க உக்காந்திருக்கற இதே ஊருதான். அந்தூர்ல பூவாத்தா, பூவாத்தான்னு ஒரு மருமவ இருந்தாளாமா. அவ புருசன் காளியாசாரி. மாமியா அங்கம்மா. மாமியா மருமவன்னா எலியும் பூனையும்னு நெனச்சுக்காதீங்க. ரெண்டு பேரும் ஒரே வட்டல்ல சோறு உங்கறவங்களாமா.

அப்ப எங்காளுக கொல்லுவேல மட்டுமில்லீங்க, உருக்கே காய்ச்சுனாங்களாமா. இரும்பு வேற, உருக்கு வேறங்க. ஆத்தோரத்துக் கருமணலக் காய்ச்சுனா வர்றது இரும்பு. அது பச்சப்புள்ள கையாட்டம், வளைச்ச பக்கமெல்லாம் வளையும். கூரு நிக்காது. அதையே துண்டு துண்டா வெட்டி மூசைக்குள்ள போட்டுக் காய்ச்சுனாத்தான் உருக்கு. மூசைன்னா என்னன்னு முழிக்காதீங்க. களிமண்ணையும் நெல்லு உமியையும் சேத்து மிதிச்சுப் பண்ணின குடுக்கைங்க அது, ஒரு தேங்காய்த் தண்டி. உள்ள இரும்பு, மேல ஆவார எல. மூடி போட்டு, காத்துப் போகாம மண்ணப் பூசி, உலைக்குள்ள வச்சு, துருத்தி போட்டு ஊது ஊதுன்னு ஊதோணும். உள்ள இருக்கற எல கருகிக் கரியாகும். அந்தக் கரி இரும்புக்குள்ள ஏறும். கரி ஏறுன இரும்புதாங்க உருக்கு. இன்னைக்குப் படிச்ச பசங்க கார்பன் கார்பன்ங்கறாங்களே, அதேதான். எங்காளுக ஆவாரைன்னாங்க.

சரி, மூசைய மூடறதுக்கு முந்தி ஒரு வழக்கம் இருந்துச்சுங்க. கை போடறதுன்னு பேரு. பெரியவங்க ஒவ்வொருத்தரா வந்து, "நல்லாருக்கோணும் சாமி"ன்னு சொல்லி, ஒரு கை ஆவார எலய மூசைக்குள்ள போடோணும். மொதக் கை பெரியாசாரி. அவரு காளிக்குப் பெரியப்பன், உலைக்கே தலைவரு. அப்பறம் பெரியாத்தா, சின்னாத்தா, அத்தைமாரு, வந்த ஒறம்பரை, போன ஒறம்பரைன்னு சொந்தக்காரங்க அத்தனை பேரும். ஒருத்தருத உட்டுட்டாலும் போச்சு! "என்ற கை ஆவாதா? நானென்ன அத்துப்போனவளா?"ன்னு மூணு வருசத்துக்குப் பேச்சு நின்னுபோயிரும். அதனால திணி திணின்னு திணிப்பாங்களாமா. மூடி ஒக்காராம ஒருத்தன் மேல ஏறி மிதிப்பானாமா!

அந்த உருக்கு என்னாகும்? ஒடையும். படார்னு ஒடையும். கல்லுல வச்சு ஒரு தட்டு, சட்டி ஒடைஞ்சாப்ல ரெண்டாப் போயிரும். ஒடஞ்சா என்ன சொல்லுவாங்க? "கண்ணு பட்டுருச்சு சாமி, ஆரோ கெட்ட கண்ணு பட்டுருச்சு." கண்ணு பட்டா என்ன பண்ணோணும்? "அடுத்த மூசைக்கு ஆளுக்கு ரெண்டு கை போடுங்க!" போடுவாங்க. அது இன்னம் வேகமா ஒடையும். அதுக்கு மூணு கை. சிரிக்காதீங்க, உங்கூர்ல இந்த மாதிரி ஒண்ணு இல்லீன்னு நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க பாக்கலாம்.

பூவாத்தாளுக்கு வேல மூசை மண்ணு மிதிக்கறது. காலு மிதிச்சுட்டே இருக்கும், கண்ணு பாத்துட்டே இருக்கும். ஒருக்கா மூசைய மூடாம வச்சுட்டு அல்லாரும் சாமி கும்பிடப் போயிட்டாங்களாமா. ஆடு ஒண்ணு வந்து எல பூராத்தையும் மேஞ்சுபோட்டு நல்லபுள்ளையாட்டம் போயிருச்சு. ஆரும் உள்ள பாக்கல. மூடுனாங்க, நாளெல்லாம் ஊதுனாங்க, தொறந்தா, போட்ட துண்டு போட்டபடி கெடக்குது! உருகவே இல்ல! இன்னொருக்கா, பக்கத்தூர்ல ஒரு பெரிய காரியம்னு ஊரே கெளம்பிப் போயிருச்சு. உலையில காளியும் பூவாத்தாளுந்தான். காளி ஒரே ஒரு கை எல போட்டான், மூடுனான், காய்ச்சுனான். மூசைக்குள்ள உருகி ஒறைஞ்ச அந்த உருக்கு வட்டுல பூவாத்தாளுக்குச் சோளத்தட்டு அறுக்க ஒரு அருவா அடிச்சுக் குடுத்தானாமா. அந்த அருவா ஒடையவும் இல்ல, மழுங்கவும் இல்ல. வருசம் போயிட்டே இருக்குது, அருவா அப்படியே இருக்குது!

பூவாத்தா புருசங்கிட்டச் சொன்னாளாமா. "ஏனுங்க, எல இல்லாட்டி உருகறதே இல்ல. எல எச்சாப் போனா ஒடையுது. ஒரு கைக்குத்தான் நெலைக்குது. உங்க பெரியப்பங்கிட்டச் சொல்லுங்களே."

காளி சிரிச்சானாமா. "அட போ அம்மிணி. எங்கம்மாகிட்டப் போயி, உன்ற கை வேண்டாம்னு நாஞ்சொல்லறதா? உருக்கு ஒடஞ்சா வேற காய்ச்சிக்கலாம். பெத்தவ மனசு ஒடஞ்சா?"

நல்லவன்தாங்க. நல்லவனா இருந்ததுதான் கேடு. அவ அதோட வாய மூடிக்கிட்டா.

அப்பறம் வந்துச்சுங்க ஒரு பஞ்சம். மழையில்ல. ஆத்துல மணலு பறக்குது. மாடு கன்னு நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்குது. ஊரே கூடி ஒரு கெணறு வெட்டறதுன்னு எறங்கிருச்சு. வெட்டறாங்க, வெட்டறாங்க, கருங்கல்லு குறுக்க வந்துருச்சு. உளியக் குடுத்தா உளி ஒடையுது. கெணத்துக்குள்ள இருந்து வசவு மேல வருது. "ஏப்பா காளி, நீ குடுத்தது உளியா, அப்பளமா?" இவனுக்கு ரோசம் வந்துருச்சு. "நகருங்கப்பா, நானே எறங்கிப் பாக்கறேன்"னு கவுத்தப் புடிச்சு எறங்கிட்டான். கூட ரெண்டு ஆளு.

மூலையில ஒரு வெடிப்பு. அதுல ரெண்டு தட்டு தட்டுனானாமா. குபுக்குனு தண்ணி! "தண்ணி! தண்ணி!"ன்னு கீழ கத்தறாங்க, மேல கொலவை போடறாங்க, கெழவனெல்லாம் குதிக்கறான். அந்தக் கொலவை நிக்கறதுக்குள்ள, பக்கத்துச் செவுத்துல இருந்த பாறை, பெரிய பலகையாட்டம், சர்ருனு சரிஞ்சு வந்து கெணத்தடிய மூடிருச்சுங்க.

மூணு பேரும் அடியில. மேல பாறை.

புழுதி அடங்குச்சு. அப்பறம் ஒரு ஓரத்துல, ஒரு சொம்பு போறாப்ல ஒரு சந்துல இருந்து கொரலு வருது. "இருக்கறமுங்க! மூணு பேரும் இருக்கறம்! ஆனா தண்ணி வருதுங்க, கணுக்காலுக்கு வந்துருச்சு!"

எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க! எந்தத் தண்ணிய வா வான்னு கும்புட்டாங்களோ, அந்தத் தண்ணி இப்ப மூணு உசுரக் கேக்குது!

பாறைய இழுக்கலாமா? இழுத்தா மிச்சமும் அவங்க மேல உழுகும். அந்தச் சந்துகிட்ட ஒரு மூலைய மட்டும் பொளந்து எடுத்தா ஒரு ஆளு நொழைஞ்சு வரலாம். பொளக்கோணும்னா வரிசையாக் குழி அடிச்சு ஆப்பு எறக்கோணும். குழி அடிக்க உளி வேணும். ஓடியாந்து இரும்பு உளியப் போட்டாங்க. மொனை மடங்கி, கொக்கி மாதிரி சுருண்டுக்குச்சு. உருக்கு உளியப் போட்டாங்க. படார்! இன்னொண்ணு. படார்! இருந்த உளியெல்லாம் ஒடஞ்சுபோச்சு. சொம்பக் கவுத்துல கட்டி அந்தச் சந்துல உட்டுத் தண்ணிய மொண்டு மொண்டு ஊத்தறாங்க. ஊரே வரிசையா நின்னு மொள்ளுது. தண்ணி ஏறறது கொஞ்சம் மட்டுப்படுது, ஆனா நிக்கல. "முழங்காலுக்கு வந்துருச்சுங்க!"

பெரியாசாரி தலையில கைய வச்சுட்டு உக்காந்துட்டாரு. "காய்ச்சோணும். புதுசா ஒரு மூசை காய்ச்சோணும். அல்லாரும் வாங்க, அள்ளி அள்ளிக் கை போடுங்க. இந்தத் தடவ சாமி கைவிடாது."

அப்பத்தான் பூவாத்தா கூட்டத்த நவுத்திட்டு முன்னால வந்தாளாமா. கையில அந்த அருவா. "பெரிய மாமா, எந்திரிங்க. இதப் பாருங்க." அருவா மொனையப் பாறையில ஊனி, பலங்கொண்ட மட்டும் வளைச்சா. வில்லாட்டம் வளைஞ்சுது. உட்டா, டங்குனு பழையபடி நிமுந்துக்குச்சு! "இதுக்கு ஒரு கைதான் போட்டது. ஒரே கை. நீங்க அல்லாரும் கை போட்ட உளியெல்லாம் இந்தா கெடக்குது பாருங்க, சில்லுச் சில்லா."

"அப்பறம் என்னடி, அந்த அருவாளையே உளியா அடிக்கலாமே?"ன்னு ஒருத்தி.

"இத்தனூண்டு அருவாள்ல உளி ஆவுமா அக்கா? வாங்க, மூசை மண்ணு நா மிதிச்சு வச்சது இருக்குது. வாங்க!"

ஓடுனா. ஊரே பின்னால ஓடுச்சு. பாதிப் பேரு கெணத்துகிட்டத் தண்ணி மொள்ள, பாதிப் பேரு உலைகிட்ட. இரும்ப வெட்டி மூசைக்குள்ள போட்டா. ஒரு கை ஆவார எல போட்டா. மூடிய எடுத்தா. நிமுந்து பாத்தா, வரிசையா நிக்கறாங்க. பெரியாசாரி, பெரியாத்தா, சின்னாத்தா, அல்லாரு கையிலயும் எல. பரம்பரை வழக்கம் லேசுல போவுமா? அவ காட்டுன அருவா கண்ணுக்குத் தெரியுது, கை கேக்க மாட்டேங்குது.

வரிசையில மொத ஆளா வந்தது ஆருங்கறீங்க? அங்கம்மா. மாமியா. உள்ள மாட்டிட்டவனப் பெத்தவ. கண்ணுல தண்ணி ஊத்துது. கை நெறைய எல, வெரலு சந்துல எல்லாம் பிதுங்குது.

பூவாத்தா மூசை வாய்மேல தன்ற கைய வச்சு மூடிக்கிட்டா. "வேண்டாங்கத்தே."

"எடுடி கைய."

"வேண்டாங்கத்தே."

"என்ற பையன் உள்ள கெடக்கறான்! பெத்தவ ஒரு கை போடறதத் தடுக்க நீ ஆருடி? ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டான்னு நீ கேட்டதில்லையா? இது அவனுக்கு உசுருடி! உசுரு!"

"அத்தே, அவரு உங்களுக்குப் புள்ளைன்னா எனக்கு ஆருங்க? நீங்க உசுருன்னு போடறது உள்ள போனா உளிய ஒடைக்கும். உளி ஒடஞ்சா..." மூசைமேல வச்ச கைய எடுக்கல. "போட்டே ஆவோணும்னா என்ற கைமேல போடுங்க. உள்ள போட உடமாட்டேன். இதுக்காக நாளைக்கு என்னைய ஊட்ட உட்டுத் தொரத்துனாலும் தொரத்துங்க, நா போயிக்கறேன்."

மருமவ மாமியாள எதுத்து நிக்கறா, அதுவும் புள்ளைக்குக் குடுக்கற ஆசீர்வாதத்துல. அப்படி ஒண்ண அந்தூரு அதுக்கு முந்திப் பாத்ததே இல்ல.

அந்நேரம் கெணத்துப் பக்கமிருந்து ஒரு கத்தல். "இடுப்புக்கு வந்துருச்சு! ஊதுங்க சாமி, ஊதுங்க!"

அங்கம்மா மருமவ மொகத்தப் பாத்தா. கையிலிருந்த எலயப் பாத்தா. சட்டுனு கையத் திருப்பி அத்தனை எலயையும் கீழ கொட்டுனா. கொட்டிப்போட்டு, அந்தக் கைய மூடி, மூசைக்கு மேல கொண்டுபோயி, மெதுவாத் தொறந்தா. வெறுங்கை.

"சாமி, இந்தக் கையில ஒண்ணுமில்ல. இருந்ததெல்லாம் அவனுக்குத்தான். எடுத்துக்க."

அவ்வளவுதாங்க. பெரியாசாரி எலயக் கீழ போட்டாரு, வெறுங்கையத் தொறந்து காட்டுனாரு. பெரியாத்தா தொறந்தா, சின்னாத்தா தொறந்தா. வரிசை பூராம் வெறுங்கை. பூவாத்தா மூடியப் போட்டு மண்ணப் பூசுனா.

ஊது! ஊது! துருத்திக்கு ஆளு மாத்தி ஆளு. கை சலிச்சவன் நவுந்தா அடுத்தவன் வந்து புடிச்சுக்கறான். அங்கம்மாளே துருத்தியப் புடிச்சாளாமா. "தள்ளுங்கடா, நா ஊதறேன்"னு, அந்த வயசுல! பொழுதோட, இருட்டற நேரத்துல, பெரியாசாரி இடுக்கியில மூசையப் புடிச்சு மெல்ல ஆட்டிப் பாத்தாரு. உள்ள களக், களக்னு சத்தம். "உருகிருச்சு! உருகிருச்சு!" உருகுனத அவசரப்பட்டுத் தொறக்கக் கூடாதுங்க, தானா ஆறோணும். சாம்பலுக்குள்ள வச்சுட்டு உக்காந்திருந்தாங்க. உக்காந்திருக்கறதுதாங்க கஷ்டம். ஊதறப்ப அழுகை வராது.

வெடியால, பொழுது கெளம்பறப்ப, மூசைய ஒடைச்சாங்க. உள்ள உருண்டையா, அப்பம் மாதிரி ஒரு வட்டு. மேல கோடு கோடா வரி. பெரியாசாரி கண்ணு விரிஞ்சுபோச்சாமா. "அடிங்கடா, ஆனா பாத்து! அரளிப்பூ செவப்புலயே அடிங்க. வெள்ளையாக் காய வச்சா உதுந்துரும்!" அடிச்சாங்க. காயவச்சு அடிச்சாங்க, காயவச்சு அடிச்சாங்க. மொனைய மட்டும் எண்ணெயில நனைச்சாங்க. உளி ரெடி. பூவாத்தா உளியத் தூக்கிட்டு ஓடுறா, சேலை தடுக்குது, அவ பாட்டுக்கு ஓடுறா.

ராவெல்லாம் மொண்டு ஊத்தியும் கெணத்துல தண்ணி நெஞ்சுக்கு வந்துருச்சு. உள்ள கொரலே இல்ல. அங்கம்மா சந்துகிட்டப் படுத்துட்டு, "காளி! காளி!"ங்கறா. ரொம்ப நேரம் கழிச்சு, "ம்"னு ஒரு சத்தம்.

உளிய வச்சாங்க. சம்மட்டிய ஓங்குனாங்க. ஊரே கண்ண மூடிக்கிச்சு. படார்னு கேக்கோணுமே?

கிணிங்!

ஒடையல! மறுபடியும், கிணிங்! கல்லுல இருந்து மாவா உதுருது! கிணிங், கிணிங், கிணிங்! "அடி, அடி, அடி!"ன்னு மேல இருக்கறவங்கல்லாம் ஒரே கத்தல். குழி வரிசை ஏறுது, ஆப்பு எறங்குது. கடைசி ஆப்புக்கு ஒரு அடி. பாறை மூலை டொப்புனு விட்டுச்சு பாருங்க! கவுத்தப் போட்டு இழுத்தாங்க. மொத ஆளு வந்தான். ரெண்டாவது ஆளு வந்தான். கடைசியாக் காளி. வந்ததும் அவன் காலுக்கடியில தண்ணி மேல ஏறி வருது, என்னமோ அவனத் தூக்கி உட்டாப்ல.

மேல வந்தவன் மொதல்ல கேட்டது என்னங்கறீங்க? அந்த உளியத் தடவிப் பாத்துப்போட்டு, "இதுக்கு எத்தன பேரு கை போட்டாங்க?"ன்னானாமா.

அங்கம்மா சொன்னா: "உன்ற பொண்டாட்டி ஒருத்திதாண்டா போட்டா. நாங்க அல்லாரும் போடல. போடாததாலதான் நீ வந்தே." சொல்லிப்போட்டு மருமவளக் கட்டிப் புடிச்சுட்டு அழுதா பாருங்க, ரெண்டு பேரும் சேந்து அழுதாங்க. அந்த அழுகைக்கு ஊரே அழுதுச்சாமா.

அந்தக் கெணறு இதா, பந்தலுக்குப் பின்னால இருக்குதுங்க. ஒரு கைக் கெணறுன்னு பேரு. கோடையில தண்ணி எறங்கறப்ப வந்து பாருங்க, பாறையில வரிசையா உளிக் குழி தெரியும். நா பொய் சொல்லலீன்னு அது சொல்லும்.

அன்னைக்கிருந்து எங்கூர்ல ஆரையும் அரிசி தூவியோ, பூத் தூவியோ வாழ்த்தறதில்லீங்க. கைய மூடி, அவங்களுக்கு மேல கொண்டுபோயி, தொறப்போம். வெறுங்கை. கையில ஒண்ணுமில்லாம இல்லீங்க. அங்கம்மா வெறுங்கையில குடுத்தாளே ஒரு ஆசீர்வாதம், அதேதான் இதுலயும் இருக்குது.

இப்பச் சொல்லுங்க சம்மந்தி, நாங்க கஞ்சப் பசங்களா?

அட, அழுவாதீங்க, கல்யாண ஊட்டுல. அதா பாருங்க, உங்க பெரியம்மா எந்திரிச்சுப் பொண்ணுகிட்டப் போறாங்க! பெரியம்மா, சித்தெ நில்லுங்க. கையில என்னங்க அது, அரிசியா? அது பந்தியில சோத்துக்கு ஆவும், அந்தத் தாம்பாளத்துலயே போட்டுருங்க. கைய மட்டும் கொண்டு போங்க.